இரட்டை ஸ்பிரிங்

குரோய்டனிலிருந்து விம்பிள்டன் போகும் டிராமில், முன்சீட்டு அம்மா கணவரிடம் சொன்னார்: "சின்னப் பிஸ்டல் எண்டால் ஒற்றை ஸ்பிரிங் போட்டது சுடேக்கை கையை உதைக்கும்."

சுவிஸில் இருந்த காலத்தில் அந்த அம்மா சேர்ந்த துப்பாக்கி சுடும் கிளப்புக்கு, இருவரும் விடுமுறையில் போகிறார்களாம்.

"அப்ப ஒண்டுக்குள்ளை ஒண்டு போட்ட இரட்டை ஸ்பிரிங்கை எடும். உதைப்புக் குறைவு."

"அதுவும் இறுக்கம். சுட முதல் மேல்மூடியைப் பின்னுக்கு இழுக்க என்ரை மணிக்கட்டுக்கு இனி ஏலாது."

"நான் உள்ளுக்கு வந்து இழுத்துத் தாறன்."

"நீங்களோ? வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஒவ்வொரு முறையும் காருக்குள்ளை இருந்தனீங்கள்."

கணவர் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"இழுக்க எனக்கு ரெண்டு கையும் வேணும். மற்றவை சுடேக்கை என்ரை காதை நீர் பொத்தும்."