கிளாஸும் ஆப்ஜெக்ட்தானா?

"கிளாஸும் ஒரு ஆப்ஜெக்ட்தான்னு இப்பவே ஒத்துக்கினா உங்க மொட்டையை விட்டுர்றேன் பாவா."

திருத்தணி மலையில் மொட்டை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இருவருக்கும் மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலை; ஆளுக்கொரு கம்ப்யூட்டர் மொழி. தோற்றவருக்கு மொட்டை என்று பந்தயமாம்.

"சி பிளஸ் பிளஸ்ல கிளாஸுன்றது வெறும் வரைபடம்பா. அதை வச்சி செய்யறதுதான் ஆப்ஜெக்ட்," என்றார் பாவா என்று அழைக்கப்பட்ட அத்தான்.

"எங்க ஸ்மால்டாக்ல அந்த வரைபடமே ஒரு ஆப்ஜெக்ட். எதனா கேட்டா பதில் சொல்லுது. நேத்து மெஷின்லயே காட்னேனே."

"ஆங், காட்ன. என் மெஷின்ல கேட்டோம், வாயே தொறக்கல. அதையும் பாத்தியே."

"பாத்தேன். உங்கள்துல நீங்க சொல்றது சரி, எங்கள்துல நான் சொல்றது சரி. அப்ப யாரு பாவா தோத்தது?"

நாவிதர் பிளேடு மாற்றிக்கொண்டே, "மொட்டை யாருக்குங்க?" என்றார்.

பாவா சட்டையைக் கழற்றினார். "ரெண்டு பேருக்கும் போடுங்க. ரெண்டு பேருமே ஜெயிச்சிட்டோம், முருகனுக்குக் காணிக்கை."