தொட்டிக்கு அடியில் இருந்த மணல்

சப்-இன்ஸ்பெக்டர் அய்யா அவர்களுக்கு, செங்கல்பட்டு ஏசுபாதம் எழுதிக்கொள்வது.

அன்று காலை மகாபலிபுரம் கடற்கரையில், சவுக்குத் தோப்பு நிழலில், நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஹயாத் பாஷா மோட்டார் சைக்கிள் மேலேயே உட்கார்ந்துகொண்டு நாஸ்தா சாப்பிட்டான். அவன் மனைவி ஷஹர்பானு, வண்டியின் இடது பக்கம் பூட்டியிருந்த தொட்டியில் உட்கார்ந்திருந்தாள். வெல்டிங் பட்டறை மோசஸ் ஸ்பானர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். நான் மணலில் உட்கார்ந்தேன்.

கருங்குழிப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுத்தவர், யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் எழுது, நடந்தது தானாக வரும் என்பார். அது சரிதான். மேலே எழுதியதிலேயே பாதி விஷயம் வந்துவிட்டது. மீதியை அய்யாவுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

தொட்டி என்று நான் சொல்வது சைடு காரை. வண்டி யுத்த காலத்துப் பட்டாள வண்டி. டிஸ்போசலில் ஏலம் விட்டபோது ஹயாத்தும் நானும் கூட்டாக எடுத்தோம். அவனுக்கு பஜாரில் இரும்புக் கடை. நான் வக்கீல் ஆபீஸில் நகல் எழுதுகிறவன். பணம் பெரும்பாலும் அவனுடையது, உழைப்பு பெரும்பாலும் என்னுடையது. அதைப் பற்றி எங்களுக்குள் ஒரு பேச்சும் வந்ததில்லை. காஷ்மீர் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும் என்பதுதான் எங்கள் திட்டம்.

தூரம் போகிற வண்டிக்கு வேண்டியதையெல்லாம் செய்தோம். டாங்கி போதாதென்று பின்னால் பெட்ரோல் டின் வைக்கச் சட்டம் அடித்தோம். தோட்டா வைத்திருந்த பட்டாளப் பெட்டிகளைப் பச்சை வர்ணம் சுரண்டி, துணிமணி வைக்கத் தொட்டியின் முதுகில் பூட்டினோம். ஸீட்டைப் பிரித்து நார் திணித்து ரெக்ஸின் தைத்தோம். தொட்டியே எங்கள் கைவேலைதான். இரும்பு ஹயாத் கடையுடையது, பற்றவைத்தது மோசஸ், அளவு என்னுடையது.

கடிதமும் என்னுடையது. வழியில் எந்த ஊரில் தங்க பங்களா கிடைக்கும், எங்கே பெட்ரோல் கிடைக்காது, எந்த ஆற்றுக்குப் பாலம் இல்லை என்று ஒவ்வொரு ஊருக்கும் எழுதிக் கேட்டேன். காஷ்மீருக்குள் நுழைய சர்க்கார் அனுமதிச் சீட்டு வேண்டும், அதையும் எழுதி வாங்கினேன், ஆளுக்கு ஒன்றாக. மழைக்கு முன்னால் ஆற்றைத் தாண்டிவிடுங்கள் என்று நாக்பூர்ப் பக்கத்திலிருந்து முகம் தெரியாத ஒரு ஓவர்சியர் பதில் போட்டிருந்தார். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மேகத்தைப் பார்த்தாலே பதற்றம். ஆபீஸில் நகல் எழுதும்போது மேஜைக்கு அடியில் என் வலது கால் கிக்கரை மிதித்துக்கொண்டே இருக்கும். வக்கீல் அய்யா எத்தனையோ தடவை கண்டித்திருக்கிறார்.

என் அப்பா கருங்குழியில் ஒரு மிராசு வீட்டுப் படியாள். அவர்கள் வில்வண்டியில் போகும்போது இவர் பின்னால் நடந்து போவார். நடக்க வேண்டாம், ஏறிக்கொள் என்று யாரும் சொன்னதில்லை. இவரும் எதிர்பார்த்ததில்லை. தொட்டியில் உட்கார்ந்து நான் முதல் தடவை கருங்குழி வழியாகப் போனபோது அதே தெருவில் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். வண்டியைத்தான் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் உள்ளே இருந்தது நான்.

இனி மணல் விஷயம்.

தொட்டி இடது பக்கம் இருப்பதால், வண்டி இடது பக்கம் திரும்பும்போது தொட்டியில் கனம் இருக்க வேண்டும். காலியாக இருந்தால் தொட்டிச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். வேகமாகப் போனால் வண்டி மொத்தமும் வலது பக்கம் கவிழ்ந்துவிடும். வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் இது இருக்கிறது. அகராதியை வைத்துக்கொண்டு நான் படித்தேன். நான் தொட்டியில் இருக்கும்போது, இடது வளைவு வந்தால் உடம்பை வெளியே சாய்த்துக்கொள்வேன். வண்டி அழகாகத் திரும்பும். ஹயாத் அதைத் தன் கைவாகு என்று நினைத்துக்கொண்டு, வளைவில் ஆக்ஸிலேட்டரைக் குறைக்காமலே ஓட்டப் பழகிவிட்டான். நான் திருத்தவில்லை. பெருமைப்படுகிறவனிடம் போய் அதை எதற்குச் சொல்ல வேண்டும்.

அவன் தனியாக எடுத்துப் போகிற நாட்களில், தொட்டி ஸீட்டுப் பலகைக்கு அடியில் ஒரு மணல் மூட்டையை வைத்துவிடுவேன். சாக்கைத் தைத்துக் கொடுத்தது மோசஸ். ஆகவே அவனுக்கும் எனக்கும் மட்டும் அது தெரியும். ஹயாத் பலகையைத் தூக்கிப் பார்க்கிற ஆள் இல்லை.

போன மாதக் கடைசியில் ஹயாத் என் வீட்டுக்கு வந்தான். எப்போதும் வாசலிலிருந்தே ஹாரன் அடிக்கிறவன், அன்று உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தான்.

"கோச்சிக்காத மச்சான். பானு அஜ்மீர் தர்காவுக்கு நேந்துகினு கீறா. கண்ணாலம் ஆனதுலருந்து அவ வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான். தொட்டியில அவள இட்டுகினு போயிட்டு வந்துடறேன். காஷ்மீரு எங்க ஓடிப்போவுது? அடுத்த வருசம் நாம போவலாம்."

கோபம் ஒன்றும் இல்லை என்றேன். தங்கச்சிக்குத் தக்கபடி தொட்டியை நானே சரிசெய்து தருகிறேன் என்றும் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். எழுந்து போகும்போது, பாதி வழி ஒரே வழிதானே, பங்களாக்காரர்கள் எழுதிய பதிலையெல்லாம் கொடு, காட்டினால் இடம் கொடுப்பார்கள் என்று கேட்டான். ஊர் வரிசைப்படி அடுக்கிக் கட்டிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. நடந்துகொண்டே இருந்தேன். கொளவாய் ஏரிக் கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். ரயில் ஊதினால் நின்று கேட்டுவிட்டு மறுபடி நடப்பேன்.

கடற்கரைக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் தொட்டியைச் சரிசெய்தேன். புது இலவம்பஞ்சு மெத்தை போட்டேன். பலகைக்கு அடியில் தங்கச்சியின் பாத்திரம் பண்டம் வைக்க இடம் வேண்டும் என்று மூட்டையை வெளியே எடுத்தேன். பட்டறை வாசலில் மழைத்தண்ணீர் தேங்குகிற பள்ளம் ஒன்று உண்டு. மணலை அதில் கொட்டி மிதித்துவிட்டேன், நாலு பேருக்கு உபயோகம். சாக்கை அடுப்பில் போட்டேன். ஷஹர்பானு உட்கார்ந்தால் அவள் கனமே போதும், மூட்டை தேவையில்லை. இதுவும் புத்தகத்தில் இருக்கிறது. அதுவரை நான் செய்ததில் எந்தத் தப்பும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இரண்டு பேரும் வண்டியில் வந்தார்கள். தூரப் பயணத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு பழக்கம் ஆகட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. மோசஸும் நானும் பஸ்ஸில் வந்தோம். ஷஹர்பானு தொட்டியை விட்டு இறங்கவே இல்லை. துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள். அச்சரப்பாக்கத்தில் பிறந்து செங்கல்பட்டுக்கு வாழ வந்தவள், இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் உள்ள ரோட்டைத் தவிர வேறு ரோடு பார்த்ததில்லை. பனிமலை முதன்முதல் எந்த ஊரில் கண்ணுக்குத் தெரியும் என்று என்னைக் கேட்டாள். அஜ்மீர் போகிற வழியில் பனி கிடையாது என்றேன்.

"அப்ப நீங்க போறப்ப பாத்துட்டு வந்து சொல்லுங்கண்ணே" என்றாள்.

நல்ல மனதோடுதான் சொன்னாள். நான் மணலைக் கையில் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டு முடிந்ததும் ஹயாத், திருக்கழுக்குன்றம் வரைக்கும் போய்ப் பெட்ரோல் டின்னை நிரப்பிக்கொண்டு வருகிறேன் என்று கிக்கரை மிதித்தான். ஷஹர்பானு இறங்குவதாக இல்லை. தானும் போவதாகச் சொன்னாள். நான் எழுந்துபோய், வெயில் ஏறிவிட்டது, ரோடெல்லாம் புழுதி, கொஞ்ச நேரம் நிழலில் இரு தங்கச்சி என்று சொன்னேன். என் பேச்சுக்கு அவளிடம் எப்போதும் மரியாதை உண்டு. இறங்கிவிட்டாள்.

மோசஸ் என் பக்கத்தில் வந்தான். மற்றவர்களுக்குக் கேட்காமல், "அண்ணாத்த, அடியில மூட்டை கீதா?" என்றான்.

"கீது" என்றேன்.

ஹயாத் எங்களைப் பார்த்துச் சிரித்தான். "இன்னாடா ரெண்டு பேரும் குசுகுசுன்னு. ஏய் மச்சான், சும்மாத்தான கீற, ஏறு தொட்டியில. அது உன் எடம்தான."

நீ போய்விட்டு வா என்றேன்.

இந்த இடத்தை அய்யா இரண்டு தடவை படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இடம் கொடுத்தானே என்று தோன்றும். அவன் கொடுத்தது திருக்கழுக்குன்றம் வரைக்கும்தான்.

திருக்கழுக்குன்றம் போகிற வழியில் ஒரு ஏரிக்கரை இறங்கியதும் ரோடு இடது பக்கம் திரும்புகிறது. அந்த வளைவில் ஹயாத் எப்போதும் முறுக்கித்தான் போவான், நான் தொட்டியில் சாய்ந்து கொடுத்திருக்கிறேன். வலது ஓரத்தில் புளியமரம். மாட்டுவண்டிக்காரர் ஒருவர் வந்து தகவல் சொல்ல, நாங்கள் போய்ப் பார்த்தபோது ஹயாத்துக்கு மூச்சு இல்லை. தொட்டியின் சட்டம், மோசஸ் பற்றவைத்த இடத்தில் விட்டிருந்தது. கவிழ்ந்ததால் விட்டது, விட்டதால் கவிழவில்லை. இதை அய்யா குறித்துக்கொள்ள வேண்டும்.

அவனைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. ஒரு தடவை புழுதியில் விழுந்து எழுந்து வந்து, மச்சான், நீ இல்லாமல் இது ஓடாது என்று சொன்னால் போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் புளியமரம் இருப்பதும் எனக்குத் தெரியும். அந்த மரத்தை எத்தனையோ தடவை தொட்டியிலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். ஆகவே, மணலை எடுத்தது நான், தங்கச்சியை இறக்கிவிட்டது நான், மோசஸ் கேட்டதற்குப் பொய் சொன்னது நான். ஹயாத் பாஷாவைக் கொன்றது நான்தான்.

பற்றவைப்பு சரியில்லை என்று மோசஸ் உங்கள் லாக்கப்பில் இருக்கிறான். மூட்டை இருந்தது, ஏசுபாதம் அண்ணன் இருக்கிறது என்றுதான் சொன்னார் என்று அவன் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். நீங்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது, எனக்கு மூட்டை எதுவும் தெரியாது என்றேன். அவன் சம்சாரம் மார்கரெட் கோயிலில் எனக்கு முன் வரிசையில்தான் உட்காருவாள். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பாட்டில் எனக்கு மனம் போகவில்லை.

நேற்று ஷஹர்பானு தன் தகப்பனாரோடு வந்தாள். புருஷன் போன துக்கத்துக்கு வீட்டுக்குள்ளேயே இத்தா இருக்க வேண்டியவள், இதற்காக மட்டும் வெளியே வந்ததாக அவர் சொன்னார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே பேசினாள்.

"நீங்க எறங்கச் சொல்லாங்காட்டி நானும் போயிருப்பேன். இந்த உசுரு உங்க வாயால நின்னுது. அவரு உசுருக்கு மட்டும் கேக்க ஆளு இல்லியா? அந்தாளு ஒழுங்காப் பத்தவெக்கலன்னு நீங்கதாண்ணே அய்யாவுக்கு எழுதணும்."

அவள் தொட்டியில் இருந்திருந்தால் இரண்டு பேருமே பெட்ரோலோடு திரும்பி வந்திருப்பார்கள். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவளுக்கு அது ஆறுதலாக இருக்காது. அந்த வண்டி தன் கண்ணில் படக் கூடாது, கேஸ் முடிந்ததும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் அவள் தகப்பனார் மூலமாகச் சொன்னாள்.

அதனால் இன்று காலை உட்கார்ந்து இரண்டு விண்ணப்பம் எழுதினேன். முதலில் இது, மேலே உள்ள வரைக்கும். எழுதி முடித்ததும் கால் நின்றது. பல நாளுக்குப் பிறகு மேஜைக்கு அடியில் அசையாமல் இருந்தது. பிறகு ஷஹர்பானு கேட்ட மனுவை எழுதினேன். பற்றவைப்பில் கவனக்குறைவு, சட்டம் விட்ட இடம், நான் நேரில் பார்த்தது எல்லாவற்றையும் வரிசைப்படி எழுதியிருக்கிறேன். அதில் உள்ள ஒவ்வொரு வரியும் தனியாகப் பார்த்தால் உண்மைதான். மோசஸ் பேரில் குற்றம் இல்லை என்றால் கோர்ட்டார் விசாரித்து விட்டுவிடுவார்கள். வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்குகிற போர்க் வளைந்திருக்கிறது. அதை நிமிர்த்த இந்தப் பக்கத்தில் அவனை விட்டால் ஆள் இல்லை. வெளியே வந்ததும் அவனிடமே கொடுப்பேன், எனக்கு அவன் பேரில் வருத்தம் ஒன்றும் கிடையாது.

இந்த முறை நான் ஓட்டுவேன். தொட்டி காலியாக இருக்கும். ஆகவே மணல் வைத்துக்கொள்வேன். பனி எந்த ஊரில் முதலில் தெரிந்தது என்று தங்கச்சிக்கு எழுத வேண்டும்.

இரண்டும் ஒரே தபாலில் வந்தால் அய்யாவுக்குக் குழப்பம். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு விஷயம் என்றுதான் எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். மனுவை மடித்து, உறையில் போட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, சாயங்காலக் கட்டு போவதற்குள் ரிஜிஸ்தர் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். இதை, காஷ்மீர் போய்த் திரும்பியதும் அனுப்புகிறேன்.