எல்லாம் திறக்கும் சாவி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு அடுத்த அறை என்னுடையது. அதனால் என் சட்டைக் காலர் எப்போதும் லேசாக ஈரமாகவே இருக்கும். பழகிவிட்டது.

அங்கே எல்லோருக்கும் நான் 'வயரு'. "வயரு, பிரிண்டர் ஓடல," "வயரு, ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சு." மரியாதைக்கு அலைகிற ஆள் இல்லை நான். சிரித்துக்கொண்டே போய்ச் சரிசெய்துவிட்டு வருவேன்.

ரூட் என்பது எங்கள் கம்ப்யூட்டரில் எதையும் திறக்கிற, எதையும் அழிக்கிற அதிகாரம். அதன் கடவுச்சொல்லை ஒவ்வொரு வார்டிலும் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருந்தார்கள். துணி துவைக்கிறவருக்குக்கூட அது மனப்பாடம். இப்படி விடலாமா, நீங்களே சொல்லுங்கள். சீட்டுகளைக் கிழித்தேன், கடவுச்சொல்லை எனக்கு மட்டும் தெரியும்படி மாற்றினேன். அவரவர் வேலைக்கு வேண்டிய அனுமதியை மட்டும் கொடுத்தேன். மருந்து அலமாரிகளுக்கும் கம்ப்யூட்டர் பூட்டுத்தான்; அவற்றை அவசரத்துக்குத் திறக்கும் அனுமதியை என்னிடம் வைத்துக்கொண்டேன். டைரக்டர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் போன் ஓயவில்லை. நேற்றுவரை முகம் கொடுத்துப் பேசாதவர்கள் நலம் விசாரித்தார்கள். தலைமை நர்ஸ் மட்டும் மாறவில்லை.

அன்று மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர்தான் கூப்பிட்டார்.

"வயரு, அலமாரி தொறக்கல. வார்டுல படுத்திருக்கிற நம்ம ஆஸ்பத்திரித் தையல்காரருக்கு மூச்சு திணறுது, சீக்கிரம் தொற."

"முறையா கோரிக்கை அனுப்புங்கம்மா."

அனுப்பினார். என் திரையில் வந்து நின்றது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் அதில் 'ஐயா' என்று ஒரு வார்த்தை இல்லை. திருப்பி அனுப்பிவிட்டு, ஆறுகிறதே என்று மிச்சச் சாப்பாட்டை முடித்தேன்.

மறுபடி போன். "சார், கெஞ்சிக் கேக்குறேன் சார். ஆள் போயிடுவாரு."

காதுக்கு இதமாக இருந்தது. "சரியா விழல, என்ன சொன்னீங்க?" என்றேன்.

திரும்பச் சொன்னார். அழுதபடி சொன்னார். உடனே திறந்துவிட்டேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவே இல்லை. தையல்காரர்தான் அதற்குள் போய்விட்டார்.

பாவம், நல்ல மனிதர். அவர் மகள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தபோது எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் பாதுகாப்பு என்று வந்துவிட்டால் ஒருவருக்காக வளைந்து கொடுக்க முடியாது.

இன்ஸ்பெக்டர், மேலே எல்லா அலமாரிகளும் பூட்டிக் கிடக்கின்றன, வார்டுகளில் நோயாளிகள் காத்திருக்கிறார்கள், ரூட் கடவுச்சொல் வேண்டும் என்கிறீர்கள். தருகிறேன், எனக்கு அது எதற்கு? ஆனால் என் அறைக்குள் வந்ததிலிருந்து என்னை 'நீ, வா, போ' என்றே பேசுகிறீர்கள். கொஞ்சம் முறையாகக் கேளுங்கள்.