தாளம் தப்பிய நீலாம்பரி

உடுக்கை ஒலிக்க ஆடும் பெருமான் திருவடி துணை.

கார்த்திகைச் சோமவார நன்னாளில், பம்பாயில் மாட்டுங்கா செல்லும் டிராமில் என் முன்னிருக்கையில் ஒரு முதிய தம்பதியர் அமர்ந்திருந்தனர். இதயநோய் மருத்துவரைக் கண்டு திரும்புகின்றனர் என்பது பேச்சில் விளங்கிற்று.

"ஏன்னா, மருந்தோட தினமும் தூக்கம் வர, படுத்துண்டு நீலாம்பரி ராகம் கேக்கச் சொன்னாரே. நான் பாடினா உங்களுக்கு ஏன் படபடப்பு ஏறறது?"

"நீ தாளம் தப்பறே. எழுந்து உக்காந்து திருத்த வேண்டாமா?"

"டாக்டர் கேக்கத்தான் சொன்னார், திருத்தச் சொல்லலை! உங்களுக்கு ஒண்ணு ஆயிடுத்துன்னா நான் யாருக்குப் பாடறது?"

அம்மையார் மெல்லப் பாடத் தொடங்கினார். தொடையில் தாளமிட எழுந்த கணவரின் விரல்களைத் தம் கையால் பற்றிக்கொண்டார். சற்று நேரத்தில் கணவரின் கண்கள் மூடின, மூச்சும் சீராயிற்று. உறங்கிவிட்டார் என்றெண்ணி அம்மையார் பாட்டை நிறுத்தினார்.

"ஏண்டி நிறுத்திட்டே? தப்பாவே பாடு."

இதனை வாசிப்போர் அனைவரின் நெஞ்சமும் தாளம் தப்பாது துடிக்க அப்பெருமான் அருள்க.