திட்டு வாங்கப் போகிற இடம்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் பஸ். என் முன் சீட்டில் நெற்றி நிறைய விபூதியுடன் ஒரு குருக்கள். பக்கத்தில் அவரோடு பள்ளியில் படித்தவர் போலும். இறங்கப் போன ஓர் அம்மா குருக்களைக் கும்பிட்டுவிட்டுப் போனதும் அவர் நண்பரிடம் சொன்னார்:

“திட்டு வாங்கி மூணு நாள் ஆச்சுடா. ஒரு மாதிரியா இருக்குது.”

நான் ஜன்னலை விட்டுத் திரும்பினேன்.

“யார்கிட்ட திட்டு?” என்றார் நண்பர்.

“போன்ல ஒரு சைட்டு இருக்குது. யாருக்கும் பேர் கிடையாது. அட்மின் எட்டிக்கூட பாக்கமாட்டான். எவனும் எவனையும் என்ன வேணா சொல்லலாம்.”

“அங்க உனக்கு என்னடா வேலை?”

“கோயில்ல நான் எது சொன்னாலும் ‘சரிங்க சாமி’தான். அங்க அபிஷேகத்தைப் பத்தி நாலு வரி எழுதுனேன். ‘கோயில் பக்கமே போகாதவன்லாம் பேச வந்துட்டான்’னு ஒருத்தன் கிழிச்சான் பாரு, என்னா சுகம்! ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.”

“இப்ப என்ன ஆச்சு?”

“இப்ப அங்கயும் நான் சொல்றதை ஒத்துக்கிறாங்கடா.”

“இவ்ளோதானே, நான் திட்டுறேன்.”

குருக்கள் கொஞ்சம் யோசித்தார்.

“வேணாம்டா. உனக்கு என்னைத் தெரியும். நீ திட்டுனா அது உண்மையா இருக்கும்.”