மூன்றாம் முறை வெட்டச் சொன்ன அம்மையாருக்கு

நுண்ணோக்கியில் கண்ணும் நோயாளியின் மேல் கருத்துமாய் முப்பதாண்டுகள் குனிந்திருந்து, கழுத்து வலியை மட்டும் சொந்தமாகச் சேர்த்த எங்கள் நோய்க்குறியியல் தலைமை மருத்துவரே! சதைத் துணுக்கிடம் சாட்சி கேட்டுத் தீர்ப்பெழுதிய செம்மலே! புன்னகைக்குப் பஞ்சம் வைத்த பெருந்தகையே!

வணக்கம். பொறுமை தங்கள் அணிகலன் என்றெழுத ஆசைதான். எழுதினால் அறுவை அரங்கமே சிரிக்கும். ஓய்வுபெறும் தங்களை வாழ்த்த வந்த நாங்களும் களைத்துத்தான் நிற்கிறோம்.

மருத்துவமனை லிப்டை இயக்கும் எங்கள் அண்ணனுக்கு ஒரு பக்க மூக்கு மாதக்கணக்கில் அடைத்தது, இரத்தம் கசிந்தது. நாற்றம் தாங்காமல் நாங்களெல்லாம் உடற்பயிற்சி என்று சொல்லிக்கொண்டு படியேறினோம். சைனஸ் என்றார்கள், சளி என்றார்கள். மாத்திரைகள் மாறின, மூக்கு மாறவில்லை. மேலண்ணத்தில் புண் விழுந்த பிறகே காது மூக்கு தொண்டை மருத்துவர் கத்தியை எடுத்தார். ஆய்வகத்துக்கு அவர் இருமுறை வெட்டி அனுப்பியது வெறும் அழுகிய சதை.

"கேன்சர் இல்லன்னு எழுதிக் குடுத்துடுங்க மேடம். அந்த மனுஷன் மூக்க இன்னும் எத்தன தடவ தோண்டறது?" என்று அவர் அலுத்துக்கொண்டார்.

"செத்த சதையவே அனுப்பிட்டு என்னச் சாட்சி சொல்லச் சொல்றீங்களே டாக்டர்! நானே வந்து நிக்கறேன். நடுவுல வேணாம், ஓரத்துல ஆழமா வெட்டுங்க" என்று மூட்டுவலியோடு மாடியேறினீர்கள்.

மூன்றாம் துணுக்கில் சிக்கியது லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்று. அதிலும் மூக்கில் முளைத்து, இரத்தக் குழாய்களை அடைத்துச் சுற்றியுள்ள சதையைச் சாகடித்து, அந்தச் சாவின் பின்னே ஒளிந்துகொள்ளும் அபூர்வ வகை.

"பொழைப்பாரா?" என்றார் அண்ணி.

"மூக்கோட நிக்குது, அதான் நல்ல சேதி. உடனே கதிர் சிகிச்சை, கூடவே மருந்து ஏத்தணும். இந்தக் கட்டத்துல பாதிக்கு மேல தேறிடறாங்க. பரவியிருந்தா கஷ்டம்மா. திரும்பியும் வரலாம், பொய் சொல்ல மாட்டேன்" என்றீர்கள்.

"ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று அண்ணி எங்களிடம்தான் அழுதார்.

அண்ணன் வாய் வறண்டு, நாக்கில் ருசி செத்து, பாதியாய் இளைத்துத் லிப்டிலுள்ள தம் முக்காலிக்குத் திரும்பினார். இரண்டாம் ஆண்டில், சென்ற வாரம், மீண்டும் இரத்தம். இம்முறை யாரும் சொல்லாமலே மருத்துவர் ஓரத்தில் வெட்டினார். துணுக்கு தங்கள் பணியின் கடைசி நாளில் மேசைக்கு வந்தது.

அம்மையீர்! இனி நிமிர்ந்து நடந்து, நெடுநேரம் உறங்கி, துணுக்கல்லாத முழு உலகையும் கண்குளிரக் கண்டு, நோயின்றி நூறாண்டு காண்க!

அண்ணனின் முடிவுக்காக அச்சகத்தில் வெற்றிடமாக விடச் சொன்ன இவ்விடத்தில் இப்போது கையால் எழுதுகிறோம். விருந்தினர் கொட்டாவி விட, விழாவுக்குத் தாமதமாக வந்த தாங்கள், மாலைக்குக் கழுத்தை நீட்டுமுன் வாசலில் நின்ற அண்ணனிடம் சென்றீர்கள்.

"கதிர் பட்ட புண்ணோட பொருக்குய்யா. கேன்சர் இல்ல. உப்புத்தண்ணி விட்டுக் கழுவு. மூணு மாசத்துல மறுபடி பாக்கணும்."

"யாரு மேடம் பாப்பாங்க?"

தங்கள் நாற்காலிக்கு இன்னும் ஆள் வரவில்லை. கண்காணிப்பாளரிடம் ஒப்படைக்க எடுத்த ஆய்வகச் சாவியை ஓசையின்றிக் கைப்பைக்குள்ளேயே போட்டுக்கொண்டீர்கள். நாங்கள் பார்த்துவிட்டோம்.

களைப்போடும் கைகூப்பலோடும்,
ஆய்வகம், அறுவை அரங்கம், லிப்ட் ஊழியர்கள்