காசுப் பானையைத் தேடி வந்தவர்

மழைக்காலம், இரவு ஏழரை மணி இருக்கும். ஏரிக்கரைச் சாலை... கடைசி வீட்டுக்கு அப்புறம் விளக்கே கிடையாது. அந்தக் கடைசி வீடுதான் என் நண்பனுடைய சித்தப்பாவின் வீடு. குழாய் வேலை செய்பவர் என்பதால் ஊருக்கே அவர் குழாய்ச் சித்தப்பா. சிரிக்காதீர்கள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அன்று சித்தப்பா சைக்கிளை விட்டு இறங்கும்போதே வீட்டுக்குப் பின்னால் அந்தச் சத்தம். சரக்... சரக்... நின்றது. மறுபடி, சரக்...

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அங்கே கழிவுநீர்க் குழாய்க்காக அவரே பள்ளம் தோண்டினார். இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை ஒரு மண்பானையில் இடித்தது. உள்ளே பழைய வெள்ளிக் காசுகள். ஒன்றோடொன்று ஒட்டி, பச்சை பூத்து, ஒரே கட்டியாக.

சித்திக்கு வாயெல்லாம் பல். "எனக்குன்னே எந்தப் பாட்டனோ பொதைச்சு வெச்சிருக்கான்!"

சித்தப்பா பயந்த சுபாவம். தொல்லியல் துறைக்குச் சொல்லி, பானையோடு ஒப்படைத்துவிட்டார். வந்த அதிகாரி சொன்னார்: "எழுநூறு வருஷம் இருக்கும். ஏதோ சண்டைக்குப் பயந்து ஓடியிருக்காங்க. திரும்பி வந்து எடுத்துக்கலாம்னு பொதைச்ச ஆளு... வரவே இல்லை போல."

இப்போது சித்தப்பா டார்ச் அடித்துப் பார்த்தார். நாய் இல்லை. ஆள் இல்லை. ஆனால் மூடியிருந்த பள்ளத்திலிருந்து மண் மட்டும் கைப்பிடி கைப்பிடியாக வெளியே வந்து விழுந்துகொண்டிருந்தது. கூரை தீப்பிடித்தால் ஒரு நாற்றம் வருமே... அது.

மறுநாள் சிமென்ட் போட்டுப் பூசினார். சத்தம் சிமென்டுக்கு அடியில் கேட்டது. விடிய விடிய.

பல ராத்திரி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு ஒரு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சொல்லியே விட்டார். "ஐயா, அது இங்க இல்லைங்க. எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. சத்தியமா என்கிட்ட இல்லை."

சத்தம் நின்றது.

தரைக்குள்ளிருந்து ஒரு குரல்... வயதானவர் குரல். என்ன மொழியோ, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஏதோ கேட்கிறது என்று மட்டும் தெரிந்தது. ஒரே கேள்வி. திரும்பத் திரும்ப. கெஞ்சுகிற மாதிரி. பிறகு மறுபடி, சரக்...

சித்தப்பா அந்தக் காசுகளை வைத்திருந்த அருங்காட்சியகத்துக்கு ஓடினார். "ஒரே ஒரு காசு குடுங்க சார். இருந்த எடத்துலயே பொதைச்சுடறேன்."

"அரசாங்கச் சொத்துங்க. நானே நெனைச்சாலும் அந்தக் கண்ணாடியைத் தெறக்க முடியாது" என்றார் அதிகாரி. பாவம், அவர் மேலும் தப்பில்லை.

அன்று இரவு விழித்துப் பார்த்தால் பக்கத்தில் சித்தி இல்லை. பின்பக்கம் ஓடினார். சிமென்ட் உடைந்து கிடந்தது. சித்தி பள்ளத்துக்குள் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய்... என்ன பண்றே?"

நிமிர்ந்து பார்த்தாள். எப்போதும் போன்ற அதே முகம். "பாவங்க. வயசான மனுஷன். எவ்வளவு நாள்தான் ஒத்தையா தேடுவார்? நீங்களும் ஒரு கை குடுங்களேன்."

கிடைத்த விலைக்கு வீட்டை விற்றார். நகரத்தில், மூன்றாவது மாடியில் வாடகைக்குப் போனார்கள். தரை முழுக்க டைல்ஸ். சித்தி மறுபேச்சுப் பேசாமல் கூட வந்தாள். சமைக்கிறாள், சிரிக்கிறாள், அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறாள். சித்தப்பா கதவைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். ராத்திரியில் சித்தி படுக்கையை விட்டு எழுந்ததே இல்லை. அவர் தூங்காமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

ஆனாலும் காலையில் அவருக்கு முதல் வேலை... சித்தியின் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நகத்துக்குள்ளும் இருக்கிற மண்ணை ஊசியால் எடுப்பது.

ஈரமாக இருக்குமாம்.